அக்கா குனியும் இடம்

ஆகஸ்ட் 3

இந்த நோட்டு யார் கையிலாவது கிடைத்தால், கெஞ்சிக் கேட்கிறேன், மூடி வைத்துவிடுங்கள். அப்பாவிடம் காட்டாதீர்கள். அக்காவிடம் காட்டவே காட்டாதீர்கள். கணக்கு நோட்டு மாதிரி அட்டை போட்டிருப்பதே அதற்காகத்தான்.

புது டிவி வந்துவிட்டது. பாதிச் சுவரை அடைத்துக்கொண்டு நிற்கிறது. அப்பா முதலில் போட்டது அக்கா டிஸ்க். அவள் ஒன்பது வயதில் கதை சொல்லும் போட்டியில் முதல் பரிசு வாங்கியதை ஒரு வீடியோக்காரர் எடுத்துக் கொடுத்தது. வீட்டில் இருப்பது அந்த ஒன்றுதான். எனக்கென்று எதுவும் இல்லை. "நீயும் அங்கதான்டி இருந்தே, ரெண்டு வயசு" என்பாள் அம்மா. ஆறுதலுக்குச் சொல்கிறாள் என்று தெரியாதா? நூறு தடவை பார்த்தாயிற்று. எங்கேயும் நான் இல்லை.

கடைசியில் கோப்பையைக் கொடுப்பார்கள். அக்கா வாங்கிக்கொண்டு அப்படியே குனிவாள். சபைக்கு வணக்கமாம். "அந்த வயசுலயே என்ன அடக்கம் பாரு" என்று அப்பா ஒவ்வொரு தடவையும் சொல்வார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அந்தக் கோப்பை இன்னும் ஷெல்ஃபில் இருக்கிறது. வெறும் பிளாஸ்டிக். விளிம்பில் தங்கப் பூச்சு உரிந்து சொட்டையாகிவிட்டது. அந்தச் சொட்டையைப் பார்த்தால் மட்டும் எனக்குக் கொஞ்சம் நிம்மதி.

புது டிவியில் அக்கா முகம் மெழுகு உருகியதுபோல இருந்தது. சிரிப்பு வந்துவிட்டது. இருமலாக மாற்றிக்கொண்டேன்.

ஆகஸ்ட் 5

அக்கா பத்தாம் தேதி வருகிறாள். வெளியூரில் வேலை கிடைத்திருக்கிறது; ஒரு வாரம் இருந்துவிட்டுப் போய்விடுவாள். போவதற்குள் டிஸ்கை நன்றாகப் போட்டுக் காட்டிவிட வேண்டும் என்று அப்பா ரிமோட்டும் கையுமாகவே இருக்கிறார். ஷார்ப்னஸை நூறுக்கு ஏற்றினார். அக்காவைச் சுற்றி சாக்பீஸால் வரைந்தது மாதிரி வெள்ளைக் கோடு வந்தது. நிறத்தைக் கூட்டினார். அக்கா ஆரஞ்சு ஆனாள்.

அறிவியல் தேர்வுத்தாளைக் கையெழுத்துக்கு நீட்டினேன். ஐம்பதுக்கு நாற்பத்தேழு.

"அங்க வெச்சிட்டுப் போம்மா."

சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தால் தாளின் மேல் ரிமோட். அப்பா திரைக்கு முன்னால் முட்டிபோட்டு அக்காவின் மூக்கைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆகஸ்ட் 6

செய்துவிட்டேன்.

ஆகஸ்ட் 7

எழுதினால் பயம் குறையுமா? பார்க்கலாம்.

டிஸ்கில் படம் நடுவிலிருந்து ஓரத்துக்கு ஓடும் என்று கம்ப்யூட்டர் டீச்சர் சொல்லியிருக்கிறார். திருப்பிப் பிடித்தால் பதிவான இடம் கொஞ்சம் கறுத்த வளையமாகத் தெரியும். வளையம் முடிகிற ஓரம்தான் பரிசு வாங்கும் இடம். அங்கே காம்பஸ் முனையால் ஒரு வளைவு போட்டேன். அரை விரல் நீளம்தான். பிறகு டிவி துடைக்கும் துணியால் துடைத்து வைத்தேன். மஞ்சளில் சிவப்புப் புள்ளி போட்ட துணி. அது என் சின்ன வயதுச் சட்டை. அக்காவின் சட்டையெல்லாம் பெட்டியில் மடித்திருக்கிறது. என்னுடையது டிவி துடைக்கிறது.

வேறு காப்பி கிடையாது. அப்பாவுக்குத் தெரிந்தால்— அடிக்க மாட்டார். பேசாமல் இருந்துவிடுவார். அதுதான் பயம்.

ஆகஸ்ட் 8

இன்று மாலை அப்பா என்னைக் கூப்பிட்டார். டிவியோடு வந்த புத்தகத்தை நீட்டி, "எழுத்து எறும்பு மாதிரி இருக்கு குட்டி, நீதான் படிச்சுச் சொல்லணும்" என்றார்.

ஒரு மணி நேரம் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்தோம். டிஸ்கில் ஒரு புள்ளி இருந்தால் இந்தத் திரைக்கு இருபது புள்ளி வேண்டும், மிச்சத்தை டிவி தானே ஊகித்து நிரப்புகிறது என்று சொன்னேன். அதனால் நாம் கூட்டக் கூட்ட அசிங்கம்தான் பெரிதாகும். டிஸ்க் பிளேயரிலிருந்து டிவிக்கு வரும் மூன்று நிறக் கேபிளைப் பிடுங்கிவிட்டு எச்டிஎம்ஐ கேபிள் மாட்டினோம். ஷார்ப்னஸைப் பூஜ்யமாக்கினோம். டிவி தானாக அசைவை வழவழப்பாக்குவதையும், புள்ளிகளைத் தேய்த்துவிடுவதையும் நிறுத்தினோம். அக்காவின் முகம் முகமாக வந்தது.

"உனக்கு இவ்வளவு தெரியுமா?" என்றார். என்னைப் பார்த்துச் சொன்னார். என்னை.

கடைசியாக, படத்தைத் திரை நிறையப் பெரிதாக்கும் ஜூமை நிறுத்தினேன். இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை வந்துவிட்டது. இவ்வளவு பெரிய டிவியை எதற்கு வாங்கினோம் என்று அப்பா முனகினார். "ஜூம்ல மேலயும் கீழயும் வெட்டுதுப்பா" என்றேன். அதற்குள் போன் வந்து அவர் வெளியே போனார். கீறல் என்ன செய்கிறது என்று பார்க்க ஓடவிட்டேன்.

கோப்பை வாங்குகிறாள். குனிகிறாள். இதுவரை ஜூம் வெட்டிய இடம், அதற்கு முன் பழைய டிவியின் குண்டுத் திரை விழுங்கிய இடம் — அங்கே, மேடைக்குக் கீழே, இரண்டு சின்னக் கைகள் எழுந்து வந்தன. மஞ்சள் சட்டைக் கை. சிவப்புப் புள்ளி. அக்கா அந்தக் கைகளில் கோப்பையை—

கட்டம் கட்டமாக உடைந்து படம் நின்றுவிட்டது.

ஐயோ, என்ன காரியம் பண்ணிட்டேன்.

ஆகஸ்ட் 9

பதினொரு தடவை போட்டுப் பார்த்தேன். கை வரை வருகிறது. முகம் வரவே இல்லை.

ஆகஸ்ட் 10

அக்கா வந்துவிட்டாள். சாயங்காலம் எல்லோரும் உட்கார்ந்தோம். "செட்டிங் எல்லாம் நம்ம குட்டி வேலை" என்று அப்பா பெருமையாகச் சொன்னார். இத்தனை நாள் இதைத்தானே கேட்க ஆசைப்பட்டேன்? காது கொதித்தது.

விழுந்த பல்லின் ஓட்டைகூடத் தெரிகிறதே என்று அக்கா சிரித்தாள். பிறகு அந்த இடம் வந்ததும் படம் நின்றது. அப்பா பிளேயரின் தலையில் தட்டினார். அக்கா டிஸ்கை எடுத்து விளக்குக்கு நேராகச் சாய்த்துப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள்.

"பழசாயிடுச்சுப்பா, விடுங்க" என்றாள்.

பாத்திரம் துடைக்கும்போது என் பக்கத்தில் வந்து நின்றாள். குரலைத் தாழ்த்தித்தான் சொன்னாள்.

"அன்னிக்கு நீ ஒரே அழுகை. கப்பு உனக்குத்தான் வேணும்னு. குனிஞ்சு குடுத்தேன். வாங்கின உடனே கடிச்சிட்டே. இன்னும் இருக்கும், போய்ப் பாரு."

போய்ப் பார்த்தேன். நான் சந்தோஷப்பட்ட அந்தச் சொட்டை. விரலை வைத்தால் தெரிகிறது: மேலே இரண்டு பள்ளம், கீழே இரண்டு. அரிசி அளவு.

கோப்பை இப்போது என் மடியில். காம்பஸ் மேஜை மேல். அக்காவுக்குத் தெரிந்துவிட்டதா? தெரிந்துதான் அப்படிச் சொன்னாளா? சொல்லத்தான் வேண்டும். முதலில் அவளிடம், பிறகு அப்பாவிடம். எப்படி ஆரம்பிப்பது? அக்கா, அது பழசானதால் இல்லை, நான்தான்—

கதவைத் தட்டுகிறாள். "குட்டி, முழிச்சிருக்கியா?"

நோட்டை மூட—