என் பெயரில் இரண்டு புள்ளி

அண்ணா,

காலையில் என் மகள் நகத்துக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தாள். அந்த வாடை மூக்கில் ஏறியதும் உன் பழைய மிஷின் ஞாபகம் வந்தது. ஸ்டென்சில் மெழுகுத்தாளில் பிழையை அடைக்கப் பூசுவோமே, சிவப்புத் தண்ணி, அதே வாடை. நாளைக்கு உன் பதினாறாம் நாள் காரியம். அழ வேண்டிய நேரத்தில் எனக்கு ஆத்திரம்தான் வருகிறது. வரட்டும்.

உன் மகன் காரிய நோட்டீஸை அனுப்பியிருந்தான். "அத்தே, உங்க பக்கத்து சனத்துக்கு நீங்களே பிரிண்ட் எடுத்துக்குங்க"ன்னு போனில் சொன்னான். என் வீட்டில் இருப்பது மகளுக்குப் பள்ளிக்கூடத்தில் இலவசமாகக் கொடுத்த பழைய லேப்டாப். அதில் ஓடுவது விண்டோஸ் இல்லை, லினக்ஸ். பிரிண்டர் புதுசு. இரண்டுக்கும் பேச்சுவார்த்தை இல்லை. 'அனுப்பியாச்சு' என்று திரை சொல்கிறது, பிரிண்டர் விளக்கைப் போட்டுக்கொண்டு கம்மென்று கிடக்கிறது. "இன்னாம்மா, கடைக்குப் போய் எடுத்துக்கினு வர்றத வுட்டுட்டு" என்றாள் மகள். நான் எழுந்திருக்கவில்லை.

எண்பதுகளில், ஏரிக்கரையில் நம் தோணிரேவு வீட்டுக்கு, ஸ்டென்சிலில் எழுதி நகல் எடுக்கிற ஒரு சைக்ளோஸ்டைல் மிஷினை நீ கொண்டுவந்தாயே. மெட்ராஸில் பழைய சாமான் கடையில் பிடித்தது. ஊருக்கெல்லாம் நோட்டீஸ் அடித்துத் தருவதாக உன் கனவு. தாள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு வந்தது. மை ஒரு பக்கம் அப்பியது, மறுபக்கம் விழவே இல்லை. சலித்துப்போய் அதை வலைக் குவியல் பக்கம் தள்ளி வைத்தாய். நான் தொடப் போனால், "பொம்பள கைக்கு மிஷின் அடங்காது, போடி" என்பாய்.

என் கைக்கு அடங்கியது. ஏரிக்காற்றில் தாள் நமத்துப்போகிறது என்று கண்டுபிடித்தவள் நான். அடுப்படியில் காயவைத்து, உதறிப் பிரித்துப் போட்டேன். உருளையில் காய்ந்து அடைத்திருந்த மையை மண்ணெண்ணெய் விட்டுத் துடைத்தேன். ஏரி கடலில் சேருகிற முகத்துவாரம் மண் மூடிவிட்டது, தோண்டச் சொல்லி ஊர் சார்பில் நோட்டீஸ் போடணும் என்று நம் நைனா சொன்னபோது, ஸ்டென்சிலில் ஊசியால் எழுதியதும் நான்தான். அதில் புள்ளி வைப்பதுதான் கஷ்டம். கொஞ்சம் அழுத்தினால் ஓட்டை விழுந்து மை வழியும். ஒரு புள்ளிகூடக் கிழியாமல் எழுதினேன். கடைசியில், 'எழுதி அச்சிட்டது: எல்லம்மா' என்று போட்டேன்.

தாள் எடுக்க அடுப்படிக்குப் போய்த் திரும்புவதற்குள், சிவப்புத் தண்ணியால் என் பெயரை அடைத்துவிட்டு, பக்கத்தில் உன் பெயரை எழுதிவைத்திருந்தாய். கேட்டதற்கு, "ஒன் பேர்ல ரெண்டு புள்ளி இருக்குதுல்ல, கிழிஞ்சிக்கிச்சு. அதான்" என்றாய். நான் எழுதியது எனக்குத் தெரியாதா? கிழியவில்லை.

பெயரோடு போயிருந்தால் விட்டிருப்பேன். முகத்துவாரத்தைப் பார்க்க அந்த மெட்ராஸ் ஆபீஸ்காரர் வந்தாரே, நோட்டீஸைக் கையில் பிடித்துக்கொண்டு. "யாரு அடிச்சது? எங்க ஆபீசுக்கு ஒரு ஆள் வேணும். ஆணோ பொண்ணோ, வேலை தெரிஞ்சாப் போதும்" என்றார். நீ முன்னால் போய் நின்றாய். என் விரல் பூராவும் மை. நைனா அதைப் பார்த்தார், பேசாமல் இருந்துவிட்டார். உனக்கு வேலை, பென்ஷன், மெட்ராஸில் வீடு. என்னை ஆரம்பாக்கத்தில் கட்டிக் கொடுத்தீர்கள். ரயிலில் இறால் கூடை ஏற்றி இறக்கியே என் வயசு போனது. பொங்கலுக்கு வந்து, "மிஷின்னா எனக்கு அத்துப்படி" என்று என் வீட்டுக்காரரிடம் அளப்பாய். உன் இலையில் நான் குழம்பு ஊற்றிக்கொண்டிருப்பேன்.

லேப்டாப்பில் இருந்த பட்டியலில் எங்கள் பிரிண்டர் இல்லை. அதே கம்பெனியின் வேறொரு மாடலைக் காட்டி லேப்டாப்பை ஏமாற்றிப் பார்த்தேன். பிரிண்டர் முனகிக்கொண்டு எழுந்தது. தாள் சிக்கியது. அடுப்படியில் காயவைத்து உதறிப் போட்டேன். சிரித்த மகள், தாள் வழுக்கிக்கொண்டு வந்ததும் எழுந்து கிட்டே வந்தாள். ஆனால் உன் மகன் அனுப்பியது ஏதோ பழைய எழுத்துரு. இதில் அது இல்லை. உன் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் இங்கிலீஷ் எழுத்தும் கொக்கியுமாக விழுந்தது. நான் சிரித்தேன் அண்ணா, கண்ணில் தண்ணீர் வருகிற மாதிரி சிரித்தேன்.

முழுசையும் நானே புதிதாகத் தட்டச்சு செய்ய வேண்டும். உன் மகனைப் போனில் படிக்கச் சொன்னேன். துயருறும் மனைவி, மகன், மருமகள், பேரன், பங்காளிகள் என்று படித்து நிறுத்தினான். "தங்கச்சி?" என்று கேட்டேன்.

"எடம் பத்தல அத்தே."

அப்பனுக்குப் பிள்ளை தப்பாமல் பிறந்திருக்கிறது. சரிப்பா என்று வைத்துவிட்டேன்.

உன் பெயரைப் பிழையில்லாமல்தான் அடித்தேன். உன் படத்தையும் போட்டேன். அதற்குக் கீழே, 'எழுதி அச்சிட்டது: தங்கை எல்லம்மா.' மகள் எட்டிப் பார்த்து, "மாமா பேர விடப் பெருசா இருக்குதும்மா" என்றாள். இருக்கட்டும் என்றேன்.

நாளைக்கு உன் ஆபீஸ் ஆட்களும் வருவார்களாம். ஒவ்வொருவர் கையிலும் நானே கொடுப்பேன். உன்னை மன்னித்துவிட்டேன் என்று நினைத்துக்கொள்ளாதே. முதல் தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். இரண்டு புள்ளியும் கிழியவில்லை.