மல்பெரி தெருவில் வளைந்த கோடு

கோல்ட்டர்
ஆகஸ்ட் 10

அன்புள்ள கொரின்,

நாங்கள் நலம். நீயும் நலமாக இருப்பாய் என்று நினைக்கிறேன். இல்லாவிட்டாலும் நீ சொல்லப்போவதில்லை. போனில் பேசலாமே என்று போன கடிதத்தில் எழுதியிருந்தாய். போனில் நீ எப்போதும் அடுப்பில் எதையோ வைத்துவிட்டு வந்தவள்போலப் பேசுகிறாய். கடிதத்தில்தான் உட்கார்ந்து பேசுகிறாய். இது இப்படியே இருக்கட்டும்.

பக்கவாதம் வந்ததிலிருந்து தாடியஸுக்கு வலது கையும் காலும் இன்னும் சொன்னபடி கேட்பதில்லை. பேச்சு மட்டும் முழுதாகத் திரும்பிவிட்டது. "பேச்சு வரணும்னு தேவாலயத்துல முட்டி போட்டு ஜெபம் பண்ணினே இல்ல? இப்ப உக்காந்து கேளு" என்கிறார் என் வீட்டுக்காரர். சபையார் வந்து வாசற்படிக்கு மேல் சாய்வுப் பலகை அடித்துக் கொடுத்தார்கள். சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு இறங்க முடிகிறது.

இப்போது சிரிக்காமல் கேள். அடுத்த வருஷம் சட்டசபைத் தேர்தலில் நான் நிற்கப்போகிறேன். நம் தொகுதி உறுப்பினர் டன்னிங்கை எதிர்த்து.

ஜூன் மாதம் ஒரு பெண் பிரசவ வலியோடு கணவனுடன் காரில் கிளம்பியிருக்கிறாள். நம் ஆஸ்பத்திரியில்தான் பிரசவ வார்டை மூடிவிட்டார்களே. பக்கத்து மாவட்டத்துக்குப் போக ஒரு மணி நேரம். வழியில் பெட்ரோல் பங்கில் வண்டியை நிறுத்திவிட்டு நர்ஸ் என்று எனக்கு ஆள் அனுப்பினார்கள். பிள்ளையைக் காப்பாற்றினேன். தாயைக் காப்பாற்ற முடியவில்லை. என் கையில் எத்தனையோ பிள்ளைகள் பிறந்திருக்கின்றன, கொரின். இப்படி ஒரு தாயை, எண்ணெய் படிந்த தரையில் கிடத்தி இழந்தது இதுதான் முதல் தடவை.

டன்னிங்கிடம் போய்ப் பேசினேன். "வார்டைத் திறக்க ஆசைதாம்மா. கணக்கு ஒத்து வரணுமே" என்றார். "அந்தப் பொண்ணு எந்தக் கணக்குல வர்றா?" என்று கேட்டேன். கடிகாரத்தைப் பார்த்தார்.

போன முறை அவர் நூலிழையில்தான் ஜெயித்தார். கறுப்பர் பள்ளியையும் வெள்ளையர் பள்ளியையும் ஒன்றாகச் சேர்த்த வருஷம், கறுப்புப் பிள்ளை பக்கத்தில் யாரும் உட்காராதபோது பையைத் தூக்கிக்கொண்டு வந்து என் பெஞ்சில் உட்கார்ந்தவள் நீ. அன்றிலிருந்து உன்னைக் கேட்காமல் நான் எதையும் செய்ததில்லை. அந்தச் சட்டசபைக் கட்டடத்துக்குள்ளேயே இத்தனை வருஷமாக ஏதோ கணினி வேலை பார்க்கிறாய். என்ன நினைக்கிறாய், சொல்.

உன்
எர்லீன்

*

தலைநகர்
செப்டம்பர் 7

என் அன்பு எர்லீனுக்கு,

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது, கோபித்துக்கொள்ளாதே. உன் கடிதம் மேசைமேலேயே இருந்தது. அந்தப் பெண்ணைப் பற்றி எழுதியிருந்ததைப் படித்துவிட்டு அன்று என்னால் சாப்பிட முடியவில்லை.

நீ நின்றால் நன்றாகத்தான் செய்வாய். அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் வேலையை அவசரப்பட்டு விட்டுவிடாதே. தேர்தலுக்கு இன்னும் எத்தனையோ மாதம் இருக்கிறது, என்னென்னவோ மாறலாம்.

இன்னொரு விஷயம். நாலு தெரு தள்ளி உன் தங்கை ஒபீலியாவின் வீட்டில் கீழ்த்தளம் காலியாகத்தானே இருக்கிறது? இந்தக் குளிர்காலத்துக்குத் தாடியஸோடு அங்கே போய் இருந்தால் என்ன? அங்கே படியே கிடையாது. பலகையில் பனி உறைந்தால் நாற்காலி வழுக்கும். போவதானால் அக்டோபர் முடிவதற்குள் போய்விடு. முகவரியையும் முறையாக மாற்றிக்கொள். மருந்தெல்லாம் தபாலில்தானே வருகிறது. யோசித்துப் பார்.

இங்கே வேலை அதிகம். சனிக்கிழமையும் கூப்பிடுகிறார்கள். கண் எரிகிறது. ஓய்வு பெற இன்னும் ஒரு வருஷம் என்று எண்ணிக்கொண்டிருக்கிறேன்.

தாடியஸை விசாரித்ததாகச் சொல்.

என்றும் உன்
கொரின்

*

கோல்ட்டர்
செப்டம்பர் 21

அடி கொரின்,

உன் கடிதத்தைத் தாடியஸுக்குப் படித்துக் காட்டினேன். "ஒபீலியா வீட்டுக்கா? அவ சமையலுக்கு நான் பனியில வழுக்கி விழுந்தே சாவேன்" என்றார். எப்போதிலிருந்து உனக்கு எங்கள் வீட்டுப் பலகையைப் பற்றி இவ்வளவு கவலை? பனி இங்கே வருஷத்துக்கு ஒரு தரம் வந்தாலே அதிசயம். தலைநகருக்குப் போய் நம் ஊர் வானிலையையே மறந்துவிட்டாய்.

வேலையை விட்டாயிற்று. மாவட்ட ஆஸ்பத்திரியில் வேலை பார்த்துக்கொண்டே தேர்தலில் நிற்கக் கூடாதாம். கடைசி நாளில் கேக் வெட்டினார்கள். அழக் கூடாது என்று நினைத்திருந்தேன், அழுதுவிட்டேன்.

போன சனிக்கிழமை தேவாலயத் திடலில் மீன் வறுத்து விருந்து வைத்தோம். மல்பெரி தெரு முழுவதும் வந்திருந்தது. நாம் பிள்ளைகளாக இருந்தபோது எங்கள் பக்கம் எட்டிக்கூடப் பார்க்காத வெள்ளைக்காரக் குடும்பங்கள் தட்டை ஏந்திக்கொண்டு வரிசையில் நின்றன. அந்தப் பெண்ணின் கணவனும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்தான். பேசத் தெரியாத பையன். என்னைக் காட்டி, "அவங்களுக்கு ஓட்டுப் போடுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டான்.

ஒரு வதந்தி காதில் விழுகிறது. மக்கள்தொகைக் கணக்கெடுப்பு முடிந்த பிறகு, பத்து வருஷத்துக்கு ஒரு தடவைதானே தொகுதி எல்லைகளை மாற்றுவார்கள்? இப்போது நடுவிலேயே, தேர்தலுக்கு முன்னால் புதுக்கோடு போடப்போகிறார்களாம். "நமக்கு ஓட்டுப் போடாத தெருவையெல்லாம் வெளியே தள்ளப் பாக்குறாங்க" என்கிறார் எங்கள் போதகர். தொகுதிக்குள் ஒரு வருஷம் குடியிருந்தவர்கள்தான் நிற்கலாம். என் தெருவைத் தள்ளிவிட்டால் நான் நிற்கவே முடியாது. உன் காதில் ஏதாவது விழுந்ததா? தெரிந்தால் ஒரு வரி எழுது.

உன்
எர்லீன்

*

தலைநகர்
அக்டோபர் 12

அன்புள்ள எர்லீன்,

மீன் விருந்தைப் பற்றி எழுதியிருந்தது நேரில் பார்த்தது போலவே இருந்தது. நான் வந்திருக்க வேண்டும். வேலை விடவில்லை.

நீ கேட்டாயே, என் காதில் எதுவும் விழவில்லை. இந்தக் கட்டடத்தில் தினம் ஒரு வதந்தி. எதையும் நம்பி மனதைக் குழப்பிக்கொள்ளாதே.

ஒபீலியா வீட்டு விஷயத்தை மறுபடியும் யோசித்துப் பாரேன். தாடியஸுக்காகத்தான் சொல்கிறேன். இந்த மாதத்துக்குள் போனால் நல்லது.

எனக்குச் சரியாகத் தூக்கம் வருவதில்லை. வயதாகிறது போலிருக்கிறது.

உன்
கொரின்

*

கோல்ட்டர்
நவம்பர் 16

கொரின்,

புதன்கிழமை சட்டசபையில் புது எல்லைகளைப் பற்றிப் பொதுமக்கள் பேசலாம் என்று அறிவித்திருந்தார்கள். தாடியஸை ஒபீலியாவிடம் விட்டுவிட்டு, விடியும் முன்பே தேவாலயத்து வண்டியில் கிளம்பி வந்தோம். உனக்குச் சொல்லாமல் வந்து உன்னைத் திகைக்க வைக்க வேண்டும் என்று ஆசை. கூட்டம் முடிந்ததும் இரண்டு பேரும் எங்காவது உட்கார்ந்து சாப்பிடலாம் என்று நினைத்திருந்தேன்.

வாசலில் வரைபடத்தைத் தந்தார்கள். கோடு ரயில் பாதையோடு நேராக வருகிறது. மல்பெரி தெரு முனையில் மட்டும் உள்ளே வளைந்து, எங்கள் வரிசை வீடுகளை மட்டும் சுற்றி அள்ளிக்கொண்டு, மறுபடி ரயில் பாதைக்கே திரும்பிப் போய்விடுகிறது. எதிர்வீடு டன்னிங் தொகுதியில். என் வீடு பக்கத்துத் தொகுதியில். போதகர் அதைப் பார்த்துவிட்டு, "எர்லீன், இது கோடில்ல. கைய நீட்டி உன்னை மட்டும் தூக்கி வெளிய வச்சிருக்காங்க" என்றார்.

எனக்கு இரண்டு நிமிஷம் தந்தார்கள். ஒலிபெருக்கி முன்னால் நின்று நிமிர்ந்து பார்க்கிறேன், குழுத் தலைவருக்குப் பின்னால் கணினியோடு நீ உட்கார்ந்திருக்கிறாய். அந்தப் பச்சைச் சட்டை. உன் அறுபதாவது பிறந்த நாளுக்கு நான் வாங்கிக் கொடுத்தது.

"இந்தத் தெருவுல மட்டும் ஏன் கோடு வளைஞ்சிருக்கு?" என்று கேட்டேன். தலைவர் உன் பக்கம் சாய்ந்தார். நீ ஒரு காகிதத்தை நீட்டினாய். அதைப் பார்த்துவிட்டு, "மக்கள்தொகையைச் சமப்படுத்தத்தாம்மா. எங்க நிபுணர் துல்லியமா கணக்குப் போட்டிருக்காங்க" என்றார். நீ தலை நிமிரவே இல்லை.

சொல்ல நினைத்ததையெல்லாம் மறந்துவிட்டேன். நேரம் முடிந்ததாக மணி அடித்தார்கள்.

பக்கத்துத் தொகுதியில் நின்றால் டன்னிங்கை எதிர்க்க முடியாது. ஒபீலியா வீடு டன்னிங் தொகுதியில்தான் இருக்கிறது, ஆனால் இனி அங்கே போய்ப் பயனில்லை. தேர்தலுக்கு ஒரு வருஷம் முன்பே குடியேறியிருக்க வேண்டிய கெடு நவம்பர் மூன்றாம் தேதியோடு முடிந்துவிட்டது. அதற்குப் பிறகுதான் இந்த வரைபடத்தை வெளியே விட்டிருக்கிறார்கள்.

எர்லீன்

*

தலைநகர்
நவம்பர் 23

என் எர்லீன்,

எப்படித் தொடங்குவதென்று தெரியவில்லை.

ஆமாம், அந்தக் கோட்டை நான்தான் போட்டேன். ஆகஸ்ட் கடைசியில் டன்னிங் எங்கள் அறைக்கு வந்தார். உன் கடிதம் அப்போது என் பைக்குள்தான் இருந்தது. "கோல்ட்டர்ல ஒரு நர்ஸம்மா நிக்கப்போறாங்களாம். அவங்க வீடு எங்க இருக்கு?" என்று கேட்டார். எனக்குத் தெரியாதவள்போல வாக்காளர் பட்டியலில் உன் பெயரைத் தேடினேன், எர்லீன். வேண்டுமென்றே மெதுவாகத் தேடினேன். பிறகு திரையில் விரலை வைத்துக் காட்டினேன். "அந்த வரிசையை எடுத்துடுங்க" என்றார். எடுத்தேன்.

நான் மாட்டேன் என்றிருந்தால் பக்கத்து மேசைக்காரன் செய்திருப்பான். என்னை அன்றே அனுப்பியிருப்பார்கள். இன்னும் ஒரு வருஷம் இருந்தால்தான் முழு ஓய்வூதியம். வெளியே சொல்ல மாட்டேன் என்று கையெழுத்தும் போட்டிருக்கிறேன். இதெல்லாம் உனக்குச் சமாதானமாகாது என்று தெரியும்.

ஆனால் நான் சும்மா இருக்கவில்லை. என்னால் முடிந்த அளவுக்குச் சொன்னேன். ஒபீலியா வீட்டுக்குப் போ என்று இரண்டு கடிதத்திலும் எழுதினேனே. முகவரியை மாற்று, அக்டோபருக்குள் போ என்று தேதிகூடக் குறித்தேனே.

திட்டியாவது ஒரு கடிதம் எழுது.

உன்
கொரின்

*

கோல்ட்டர்
டிசம்பர் 1

கொரின்,

திட்டுவதற்கில்லை.

கோடு போட்டதைக்கூட ஒரு நாள் மறந்துவிடுவேன் என்று நினைக்கிறேன். பிழைப்பு, அது எனக்குப் புரியும். ஆனால் நான் நேராகக் கேட்டேன். தெரிந்தால் ஒரு வரி எழுது என்று கேட்டேன். எதுவும் காதில் விழவில்லை என்று உன் கையால் எழுதினாய்.

பனி, பலகை, மருந்து என்று நீ எழுதியது எனக்குப் புரிவதற்காக எழுதியது இல்லை. பின்னால் "சொன்னேனே" என்று எழுதுவதற்காக எழுதியது. இப்போது எழுதிவிட்டாய்.

மீன் விருந்துக்கு வந்த அந்தப் பையன், பிள்ளையின் அப்பன், நேற்று வந்தான். "அப்ப நீங்க நிக்க முடியாதா?" என்று கேட்டான். முடியாது என்றேன். "சரிங்கம்மா" என்று சொல்லிவிட்டுப் போனான். அவ்வளவுதான் நடந்தது.

எர்லீன்

*

தலைநகர்
அக்டோபர் 18

அன்புள்ள எர்லீன்,

கிறிஸ்துமஸுக்கும் ஈஸ்டருக்கும் எழுதினேன். உன் பிறந்த நாளுக்கும் எழுதினேன். கடிதங்கள் திரும்பி வரவில்லை என்பதால் உன் கைக்கு வந்திருக்கும் என்று எடுத்துக்கொள்கிறேன்.

பிப்ரவரியில் வேலையை விட்டுவிட்டேன். அந்தக் கோட்டை எதிர்த்து உங்கள் போதகர் போட்ட வழக்கில் எல்லாவற்றையும் சொன்னேன். டன்னிங் கேட்டதையும், நான் விரலை வைத்ததையும் வார்த்தை மாறாமல் சொன்னேன். எதிர்த்தரப்பு வக்கீல், "சிநேகிதிக்காகப் பொய் சொல்றீங்க" என்றார். "சிநேகிதிகிட்டதான் பொய் சொன்னேன்" என்றேன். தீர்ப்பு உனக்குத் தெரியும். தேர்தல் நெருங்கிவிட்டதாம், இந்தத் தேர்தலுக்குப் பழையபடி மாற்ற முடியாதாம். நீதிபதி என்னை நம்பினாரா என்றுகூடத் தெரியவில்லை.

விதிகளையும் மாற்றிவிட்டார்கள். முன்னெல்லாம் தேர்தல் நாள் முத்திரை இருந்தால், தபால் ஓட்டு மூன்று நாள் பிந்தி வந்தாலும் எண்ணுவார்கள். இனி அன்று மாலைக்குள் வந்து சேராவிட்டால் செல்லாது. தேர்தலுக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து நேராகப் போய் ஓட்டுப் போடுவீர்களே, அதையும் எடுத்துவிட்டார்கள். மல்பெரி தெரு ஓட்டுச்சாவடி நெடுஞ்சாலைக்கு அப்பால் போய்விட்டது. நடந்து போக முடியாது. கார் இல்லாத கிழவிகளெல்லாம் என்ன செய்வார்கள்?

தேர்தலன்று என் காரைக் கொண்டுவருகிறேன். போதகரிடம் கேட்டேன், சரி என்றார். உன் கண்ணில் பட வேண்டும் என்பதற்காக வரவில்லை. ஆனால் வருகிறேன் என்பதை இந்த முறை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது.

கொரின்

*

கோல்ட்டர்
நவம்பர் 8

கொரின்,

டன்னிங் பெரிய வித்தியாசத்தில் ஜெயித்துவிட்டார். எங்கள் ஓட்டுச் சீட்டில் சட்டசபை இடத்துக்கு ஒரே ஒரு பெயர்தான் இருந்தது. யாரும் எதிர்த்து நிற்காத ஒரு மனிதர். இந்த ஊருக்கே வந்ததில்லை. அந்தக் கட்டத்தை வெறுமையாக விட்டேன். தாடியஸ் தன் ஓட்டைத் தபாலில் அனுப்ப மறுத்துவிட்டார். "நேர்லயே போய் உக்காருறேன். இவன் தாமதமா வந்துட்டான்னு முகத்தைப் பாத்துச் சொல்லட்டும்" என்றார். போதகர் வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார். வரிசையில் மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்தார்.

உன் காரை நான் காலையிலேயே பார்த்தேன். நாள் முழுவதும் தெருவில் போவதும் வருவதுமாக இருந்தது. மூலை வீட்டுத் திருமதி பர்டெட் சாயங்காலம் வந்து, "அந்த வெள்ளைக்காரம்மா யாருன்னு தெரியலடி. காரை விட்டு எறங்கிக் கையப் புடிச்சுக் கூட்டிட்டுப் போச்சு. பேரக் கேட்டேன், சொல்லல. வரும்போது கண்ணத் தொடச்சுக்கிட்டே ஓட்டுச்சு" என்றாள். நானும் யாரென்று சொல்லவில்லை.

நீதிமன்றத்தில் நீ சொன்னதைப் போதகர் எனக்குப் படித்துக் காட்டினார். அதற்கு என்ன விலை கொடுத்தாய் என்பதும் தெரியும். அதற்கு நன்றி. அதை நான் எழுதாமல் இருந்தால் தப்பு.

இருட்டத் தொடங்கும் நேரத்தில் எங்கள் வாசல் மணி அடித்தது. சமையலறையில் நின்றிருந்தேன். "யாரோ வந்திருக்காங்க" என்றார் தாடியஸ். தெரியும் என்றேன். "தொறக்கலையா?" என்று கேட்டார். நான் அடுப்பை அணைத்துவிட்டு அப்படியே நின்றேன். மணி மறுபடி அடித்தது. பிறகு நீ பலகையில் இறங்கிப் போன சத்தம் கேட்டது. கார் கிளம்ப வெகு நேரமாயிற்று.

நீ வாசலில் வைத்துவிட்டுப் போன பீகன் கொட்டை இனிப்பைத் தாடியஸ் சாப்பிட்டார். தட்டைக் கழுவிப் போதகரிடம் கொடுத்திருக்கிறேன்.

நாங்கள் ஓட்டுச்சாவடிக்குப் போயிருப்போம், வீட்டில் யாரும் இல்லை என்று எண்ணிக்கொண்டு நீ போயிருக்கலாம். அப்படி எண்ணிக்கொண்டு இருக்காதே. நான் வீட்டில்தான் இருந்தேன்.

எர்லீன்