கொக்குக் கூட்டம்

பாப்பா,

கண் டாக்டர் கையை விரித்துவிட்டார். அப்பாவின் ரிப்போர்ட்டோடு வேறொருவரைப் பார்க்கப் போகிறேன். சாப்பாடு அடுப்பின் மேல் இருக்கிறது, அப்பாவுக்குச் சூடு பண்ணிக் கொடு.

நேற்று சரணாலயத்தில், வற்றிப்போன ஏரியைக் காட்டி, "அங்க பாரு, கொக்குக் கூட்டம்!" என்று அவர் துள்ளினார். "அது பிளாஸ்டிக் கவருப்பா" என்று நீ பட்டென்று சொல்லிவிட்டாய். அதற்குத்தான் உன்மேல் எரிந்து விழுந்தேன்.

காலையில் பைனாகுலரை என்னிடம் நீட்டி, "இனிமே இது அவகிட்டயே இருக்கட்டும்" என்றார். உன் மேஜையில் வைத்திருக்கிறேன். அவர் கண்ணில் படாமல் உள்ளே எடுத்து வை.

சாவி பக்கத்து வீட்டில், அப்பாவும் அங்கேதான் உட்கார்ந்திருக்கிறார்.

அம்மா

பி.கு.: அவை கவர்கள் என்று எனக்கும் தெரியும். ஒவ்வொரு ஞாயிறும் அவரோடு உட்கார்ந்து, கொக்கு என்று நானும்தான் எண்ணினேன். அந்த ஏரியில் எண்ணுவதற்கு வேறென்னடி இருக்கிறது?