அப்பா கால் மழித்த கதை

அப்பா,

இன்று காலை தாடையை மழித்து முடித்த பிறகும் ரேஸரைக் கீழே வைக்கவில்லை. குளியலறை முக்காலியில் உட்கார்ந்து, கைலியை முழங்காலுக்கு மேல் ஏற்றி, காலில் சோப்பு நுரையைத் தடவினேன். எட்டிப் பார்த்த என் மனைவி, "உங்களுக்கு என்ன ஆச்சு?" என்றாள். அந்த நுரை வாசனையில் நீங்கள்தான் எதிரே வந்து நின்றீர்கள்.

தங்கச்சி பிறந்தபோது நாம் மலையாளத்துக்காரர்கள் ஊரான கரமனையில் வாடகை வீட்டில் இருந்தோம். நீங்கள் சாலை பஜாரில் பலசரக்குக் கடை வேலைக்காக நாகர்கோவிலிலிருந்து வந்தவர். கூப்பிட்டால் ஓடிவர ஒரு சொந்தமும் பக்கத்தில் இல்லை. ஆபரேஷன் ஆன அம்மாவால் குனிய முடியாது. பிள்ளையைக் குளிப்பாட்ட வந்துகொண்டிருந்த பக்கத்து வீட்டுச் சேச்சியும் காய்ச்சலில் படுத்துவிட்டார். நீங்கள் பலகையைப் போட்டு உட்கார்ந்து, இரண்டு கால்களையும் நீட்டி, பெண்கள் செய்வதுபோலவே தங்கச்சியைக் காலில் கிடத்தினீர்கள்.

அவள் வீறிட்டு அழுதாள். தூக்கிப் பார்த்தால் முதுகெல்லாம் சிவப்பு. உங்களுக்குத்தான் கரடிக் காலாயிற்றே! நீங்கள் யோசிக்கவே இல்லை. மறுநாள் முழங்காலுக்குக் கீழே வழவழவென்று மழித்துக்கொண்டு வந்து உட்கார்ந்தீர்கள். அன்று அவள் அழவில்லை.

காய்ச்சல் விட்டு வந்த சேச்சி வாசலிலேயே நின்றுவிட்டார். "அய்யோ அண்ணாச்சி, இது பெண்ணுங்க ஜோலியாக்கும்!"

"பிள்ளை ரெண்டு பேருக்கும்தானே சேச்சி," என்றீர்கள். அவர் துண்டை எடுத்து நீட்டினார்.

டீக்கடைதான் பொல்லாத இடம். எல்லாரும் வேட்டியை மடித்துக் கட்டி நிற்கும் ஊரில் கால் மறையுமா? "என்ன ஓய், நாடகத்துல பொம்பளை வேஷமா?" என்று ஒருவர் கேட்க, கடையே சிரித்தது. உங்கள் பக்கத்தில் நின்ற எனக்கு மானம் போனது. இறக்கிவிடுங்கள் என்று உங்கள் வேட்டி நுனியைப் பிடித்து இழுத்தேன். நீங்கள் டீயை ஆற்றிக்கொண்டே, "பிள்ளைக்கு முதுகுல குத்தும்லா," என்றீர்கள். அவ்வளவுதான். வேட்டி முழங்காலுக்கு மேலேயே இருந்தது. அதைவிடப் பெரிய தைரியத்தை நான் இன்றுவரை நேரில் பார்த்ததில்லை, அப்பா.

இப்போது எனக்கு மகள். ஆஸ்பத்திரியில் பிள்ளை வளர்ப்பு வகுப்பு என்றதும் முதல் ஆளாகப் போய் நின்றேன். "அச்சன்மார் வெளியே நின்னா மதி, அம்மமார் மட்டும் வந்தா போதும்," என்று நர்ஸ் கதவைச் சாத்தினார். வராந்தாவில் பையும் பிளாஸ்க்குமாக அப்பாக்களான எங்களை நிறுத்தி வைத்திருந்தார்கள். கையில் கொடுத்த புத்தகத்தைப் புரட்டினேன். பால் கொடுக்கும் அம்மா, தாலாட்டும் அம்மா, குளிப்பாட்டும் அம்மா. கடைசிப் பக்கத்தில், வீட்டுக்குப் போக வண்டி ஏற்பாடு செய்யும் இடத்தில்தான் அப்பா வந்தார். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. என் மகளை வண்டியில் ஏற்றிவிட மட்டும்தானா நான்? உங்களைப் பார்த்திராதவர்கள் எழுதிய புத்தகம் என்று நினைத்துக்கொண்டேன்.

தையல் போட்ட வயிற்றோடு என் மனைவியாலும் குனிய முடியாது. இன்று நான் காலை நீட்டி உட்கார்ந்தேன். உங்களைப் போலவே பிள்ளையைக் காலில் கிடத்தினேன். அவள் வெந்நீர் பட்டதும் கண்ணை மூடிச் சொகுசாகப் படுத்துக்கொண்டாள்.

பிறகு பால் வாங்க, கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு மாடியிலிருந்து இறங்கினேன். கீழ்வீட்டுப் பையன் வாசலில் நின்றான். அவன் மனைவிக்கு இது ஏழாம் மாதம். என் காலைப் பார்த்ததும், "இதென்ன சேட்டா, புது ஸ்டைலா?" என்று சிரித்தான்.

என் கை தானாகக் கைலியை இறக்கப் போனது. அப்படியே நிறுத்திக்கொண்டேன்.

"பிள்ளைக்கு முதுகுல குத்தும்லா," என்றேன். உங்கள் பேச்சு அப்படியே என் வாயில் வந்தது.

அவன் சிரிப்பை நிறுத்தினான். மெல்லக் குனிந்து, தன் காலைப் பார்த்துக்கொண்டான்.