அழித்துவிட்ட ஒரு கேள்வி

இன்னமும் ‘என்னங்க’ என்றே நான் கூப்பிடும் உங்களுக்கு,

நீங்கள் கண்மூடிய பிறகும் நம் செருப்புக் கடையைப் பீட்டர் மூடவில்லை, கைப்பேசிக்குள் கொண்டுபோய்விட்டான். ஆம்பூரில் தைத்ததை ஊரெங்கும் விற்கிறான். தாய்க்குப் பெருமைதான். ஆனால் இந்த வாரம் எனக்குக் கோபம்தான் மிச்சம்.

விற்கும் முன் தோலில் உள்ள தழும்பை நீங்களே தேடிக் காட்டுவீர்கள். “இது ஆடு முள்வேலில உரசினது. புடிக்கலன்னா வேற எடுங்க” என்பீர்கள். பெரும்பாலானோர் அதையே எடுத்துப்போனார்கள். உங்கள் மகனோ, செருப்பின் படத்தில் தழும்பைத் துடைத்துவிட்டுப் போடுகிறான். நல்ல தோல் ரெக்சின் போல வழவழக்கிறது.

வாலாஜாபேட்டை ஆசிரியை ஒருவர் வாங்கினார். படத்தில் இல்லாத கோடு செருப்பில் எப்படி வந்தது, இது கழித்துப்போட்ட தோலா என்று படத்தின் கீழேயே கேட்டிருந்தார். மரியாதையான கேள்வி. பீட்டர் அதை அழித்தான். அவர் மறுபடி எழுத முடியாதபடி தடுத்தும் வைத்தான்.

ஏன் என்று கேட்டேன். “பேஜார் பண்ணாதீங்கம்மா. ஒருத்தர் கேட்டா நூறு பேர் படிப்பாங்க.”

“அந்தம்மா பொய் சொன்னாங்களா?”

“இல்ல.”

“அப்புறம்?”

கைப்பேசியை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டான்.

நானே அந்த ஆசிரியைக்குத் தனியாக எழுதினேன். தழும்பு எப்படி வருகிறது என்று விளக்கி, வேண்டுமானால் மாற்றித் தருவதாகச் சொன்னேன். குரலிலேயே பதில் அனுப்பினார். “செருப்பு நல்லாத்தாம்மா இருக்கு. கேட்டதுக்கு வெளிய தள்ளிட்டாரே, அதான் மனசு ஆறல.”

அதற்குள் மூன்று பேர், அந்தக் கேள்வி எங்கே போனது என்று கேட்டுவிட்டார்கள். இவனோ செருப்பைக் கண்ணால் பார்க்காத தோஸ்துகளைப் பிடித்து ‘அருமை, அருமை’ என்று எழுத வைக்கிறான். படிக்கிறவர்களுக்குத் தெரியாதா?

உங்கள் மீதும் எனக்கு வருத்தம் உண்டு. வாங்க வந்தவர்களுக்கு அவ்வளவு விளக்கம் சொன்னீர்களே, தழும்பை ஏன் காட்டுகிறீர்கள் என்று பெற்ற பிள்ளைக்கு ஏன் ஒருநாளும் சொல்லவில்லை? அப்பாவின் சுபாவம் அது என்று நினைத்துவிட்டான். வியாபாரமே அதன் மேல்தான் நிலைத்து நின்றது என்று அவனுக்கு யார் சொன்னார்கள்? நானும் சொல்லவில்லை.

இன்று காலை, கைப்பேசியில் கடைப் பக்கத்தின் உச்சியில் அவன் வைத்திருந்த உங்கள் படத்தை எடுக்கச் சொன்னேன். அதிர்ந்துபோனான்.

“அப்பா படம் இல்லன்னா யாரும்மா நம்புவாங்க?”

“அதத்தான் நானும் கேக்கறேன்.”

எடுத்துவிட்டான். மதியம் சாப்பிட வரவில்லை.

அந்த ஆசிரியைக்கு, எல்லோரும் பார்க்கும் இடத்தில், தன் பெயரிலேயே அவன் பதில் எழுதட்டும். அதுவரை உங்கள் முகத்தை அங்கே வைக்க விடமாட்டேன். அவன் என்னோடு பேசாவிட்டாலும் சரி. இது உங்களுக்கு நான் தரும் வாக்கு.

பீட்டரின் அம்மாவும்
உங்கள் மனைவியுமான
ரோஸலின்