பாதி ஜன்னல் அறை

அன்புக் குட்டிக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நாங்கள் எல்லோரும் சௌக்கியம். நீயும் சௌக்கியமாக இருப்பாய் என்று எழுதிவிட்டு மேலே போகத்தான் ஆசை, ஆனால் கல்லூரி விடுதியின் நோயாளி அறையில் படுத்துத் தூங்குகிற பிள்ளைக்கு அதை எப்படி எழுதுவது? அப்பா நாளைக்குப் பார்சல் வண்டியில் அந்தப் பக்கம் லோடு எடுத்து வருகிறார், அவர் கையிலேயே இதைக் கொடுத்து அனுப்புகிறேன். போனில் சொல்லக் கூடாதா என்று கேட்பாய். போனில் நான் நாலு வார்த்தை பேசுவதற்குள் "சரிம்மா, சரிம்மா" என்று வைத்துவிடுகிறாய். கடிதம் என்றால் கடைசி வரை படித்துத்தான் ஆக வேண்டும்.

உன் கல்லூரிக்காரர்களை நினைத்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. இரண்டு வருடம் இங்கே நம் ஊர்க் கல்லூரியில் கண் விழித்துப் படித்தாய், அந்த மதிப்பெண்ணைப் பார்த்துவிட்டு அவர்களே கூப்பிட்டு மூன்றாம் வருடத்தில் சேர்த்துக்கொண்டார்கள், நீ ஒன்றும் யார் காலிலும் விழவில்லை. ஆனால் விடுதி அலுவலகத்துக்கு நான் போன் செய்தபோது அந்த அம்மா சொல்கிறார், "டிரான்ஸ்ஃபர்ல வந்த பொண்ணா? முதல் வருஷப் பிள்ளைங்களுக்கும் ஏற்கெனவே இருக்கிறவங்களுக்கும் குடுத்தது போக மிச்சம் இருந்தாப் பாக்கலாம்." மிச்சமாம்! நான் வேலை பார்ப்பது சாதாரண லாட்ஜ்தான். அங்கேகூடச் சொல்லிவிட்டு வந்த ஆளுக்கு அறை இல்லை என்று ஆகிவிட்டால் மேனேஜர் கையைப் பிசைந்துகொண்டு வாசலில் நிற்பார். இவர்களுக்கு அந்த வெட்கம்கூடக் கிடையாது. மாறி வந்த உங்களையெல்லாம் நோயாளி அறையில் போட்டுவிட்டு, யாருக்காவது காய்ச்சல் வந்தால் பெட்டியைத் தூக்கிக்கொண்டு படிக்கிற கூடத்துக்குப் போங்கள் என்கிறார்கள். போன வாரம் ஒரு பெண் இருமிக்கொண்டே வந்து வாசலில் நின்றதும் நீ அவளிடம் மன்னிப்புக் கேட்டாயாமே, எதற்கு? அவளுக்குக் காய்ச்சல் வந்தது உன்னாலா? நீயே சிரித்துக்கொண்டு சொன்னாய், எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இப்போது திடீரென்று கண் திறந்து, மூன்று பேர் தங்குகிற அறையில் ஓர் இடம் தருகிறோம், வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல், இல்லாவிட்டால் அடுத்த ஆளுக்குப் போய்விடும் என்கிறார்கள். உன்னை இத்தனை நாள் காக்க வைத்தவர்களுக்கு இப்போது ஒரு வாரம் பொறுக்க முடியவில்லை. கூட இருக்கப் போகிறவர்கள் முதல் வருடப் பிள்ளைகள், ஓயாமல் பேசுவார்கள், எனக்கு ஒத்துவராது, வெளியே தனி அறை எடுக்கிறேன் என்றாய். வெளியே தங்குவதற்கு நான் எதிரி இல்லை. உன் அண்ணனிடம் கேட்டதற்கு "இப்பல்லாம் எல்லாரும் வெளியதாம்மா தங்குறாங்க, நீ வேற" என்று கைப்பேசியிலிருந்து தலையைத் தூக்காமலே தீர்ப்புச் சொல்லிவிட்டான். அப்பாவிடம் நீ பார்த்து வைத்திருக்கிற அறையின் வீட்டுக்காரன் போனில் ரெண்டு தரம் சார் போட்டுப் பேசினானாம், மனிதர் அதிலேயே குளிர்ந்துபோய் "தங்கமான மனுஷன்" என்று பட்டம் கொடுத்தாகிவிட்டது. வண்டியில் ஒரு கீறல் விழுந்தால் நாள் முழுக்கத் தடவித் தடவிப் பார்க்கிறவர், பெற்ற பெண் தங்கப் போகிற அறை என்று நீ அனுப்பிய வீடியோவைப் பாதியிலேயே நிறுத்திவிட்டுச் சாப்பிடப் போனார்.

நான் முழுக்கப் பார்த்தேன். அறை பார்ப்பதுதானே எனக்குப் பிழைப்பு. ஒரு பெரிய கூடத்தை நடுவில் பலகை வைத்துத் தடுத்து ரெண்டு அறை என்று வாடகைக்கு விடுகிறான். அந்தப் பலகை போய் முட்டுகிற இடம் ஜன்னலின் நட்ட நடு. பாதி ஜன்னல் உனக்கு, பாதி பக்கத்து அறைப் பெண்ணுக்கு. அதுவும் தள்ளித் திறக்கிற கண்ணாடி, நகர்வதற்குப் பலகை ஓரத்தில் ஒரு சந்து விட்டிருக்கிறான். நீ உன் பக்கம் திறந்தால் உன் கண்ணாடி அவள் பக்கம் போய் நிற்கும், அவள் திறந்தால் அவள் கண்ணாடி உன் பக்கம் வந்து அடைக்கும். ஒருத்திக்குக் காற்று வந்தால் இன்னொருத்திக்கு இல்லை. இதை ஒரு மனுஷன் யோசித்து, ஆசாரியைக் கூப்பிட்டு, நின்று செய்ய வைத்திருக்கிறான் பார், அந்த மூளையை என்னவென்று சொல்வது! இதற்குப் பெயர் "ஜன்னல் ஓரத்து ரூம், காத்து பிச்சுக்கிட்டு வரும்."

அப்புறம் முந்தாநாள் நீ அழுதுகொண்டே போன் செய்தாய். "வேற ஒரு பார்ட்டி வந்து கேக்குறாங்களாம்மா, நாளைக்குள்ள அட்வான்ஸ் குடுக்கலேன்னா அவங்களுக்குக் குடுத்துடுவாராம்" என்றாய். அப்பா வருகிற வரை ஒன்றும் கொடுக்காதே என்று மட்டும் சொன்னேன், காரணம் சொல்லவில்லை. "உங்களுக்கென்ன, அங்க உக்காந்துகிட்டுச் சொல்றது ஈஸி" என்று வைத்துவிட்டாய். அது சுருக்கென்றுதான் இருந்தது. ஆனால் நான் வாயைத் திறக்காததற்குக் காரணம் அது இல்லை. குட்டி, அந்த வேறு பார்ட்டி நான்தான்.

கோபப்படாமல் கேள். உன்னிடம் சொன்ன வாடகையைத்தான் எல்லோரிடமும் சொல்கிறானா என்று தெரிந்துகொள்ள, அன்று காலையில் லாட்ஜ் ரிசப்ஷன் போனிலிருந்து அவனைக் கூப்பிட்டேன். மகளுக்கு அறை பார்க்கிறேன் என்றேன், அதில் பொய் ஒன்றும் இல்லையே. வாடகை என்னவோ உன்னிடம் சொன்னதையேதான் சொன்னான். உன்னிடம் "உனக்காகத்தாம்மா வெச்சிருக்கேன்" என்று உருகினவன் என்னிடம் என்ன சொன்னான் தெரியுமா? "காலியாத்தான் இருக்கு, ஒரு பொண்ணு பாத்துட்டுப் போய் இழுத்தடிக்குது, நீங்க சரின்னா உங்களுக்கே." நான் யோசித்துச் சொல்கிறேன் என்று வைத்ததும் உன்னைக் கூப்பிட்டு விரட்டியிருக்கிறான். என்னை வைத்தே என் பெண்ணை மிரட்டியிருக்கிறான், நினைக்க நினைக்க எனக்கு உடம்பெல்லாம் எரிகிறது. நான் பெரிய துப்பறிகிற ஆள் மாதிரி கிளம்பப் போய் உன்னை அழ வைத்ததுதான் மிச்சம். அண்ணனுக்குத் தெரிந்தால் ஒரு மாதம் சொல்லிச் சொல்லிச் சிரிப்பான், அதனால் அப்பாவிடம்கூட மூச்சுவிடவில்லை. நீயும் விடாதே.

ஆனால் உனக்கு இதை எழுத வேண்டும் என்று தோன்றியது வேறு ஒன்றால். பேச்சுவாக்கில் அவன் கேட்டான், "உங்க பொண்ணு எப்படிங்க? பக்கத்து ரூம் பொண்ணோட அந்த ஜன்னலுக்குச் சண்டை கிண்டை போடுமா? போன தடவை இருந்தது ரெண்டும் தினம் பஞ்சாயத்து." நான் யோசிக்கவே இல்லை, உன்னை நல்லபடியாகச் சொல்லுகிற நினைப்பில், "சேச்சே, அவ வாயில்லாத பொண்ணுங்க, பக்கத்துல கேட்டா மூடிக் குடுத்துட்டுப் பேசாம இருந்துக்குவா" என்றேன். அவன் சந்தோஷமாக, "அப்ப சரி, அந்த மாதிரி பொண்ணுதான் நமக்கு வேணும்" என்றான். போனை வைத்த பிறகு துணி அறையில் போய் உட்கார்ந்துவிட்டேன், மடிக்க எடுத்த விரிப்பு மடியிலேயே கிடந்தது. நான் உன்னைப் பற்றிச் சொன்னது அத்தனையும் உண்மை. அதைக் கேட்டு அவனுக்குச் சந்தோஷம் வந்ததைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. அந்த விடுதி அம்மாவுக்கும் இதே சந்தோஷம்தான். மாறி வந்த மற்றப் பிள்ளைகள் வீட்டிலிருந்து ஆள் வந்து சத்தம் போட்டிருப்பார்கள், நீ பரவாயில்லை மேடம் என்றிருப்பாய்.

முதல் வருடப் பிள்ளைகளின் சத்தம் என்பது சும்மா, எனக்குத் தெரியும். சாப்பாட்டுக் கூடத்தில் தட்டை எடுத்துக்கொண்டு எங்கே உட்காருவது என்று தெரியவில்லை, எல்லாரும் ஏற்கெனவே கூட்டம் கூட்டமாக இருக்கிறார்கள் என்று அண்ணியிடம் சொன்னாயாம். அவள் என்னிடம் சொன்னாள், அவளைத் திட்டாதே. அதற்காக வெளியே ஓடினால் அங்கே உன் பாதி ஜன்னலோடு தனியாக உட்கார்ந்து சாப்பிடுவாய், வேறொன்றும் ஆகாது. அந்த முதல் வருடப் பிள்ளைகளுக்கும் அங்கே யாரையும் தெரியாதுதான். ஆனாலும் விடுதியில்தான் இரு என்று நான் சொல்ல மாட்டேன். வெளியேதான் வேண்டும் என்றால் வேறு வீடு பார், முழு ஜன்னலும் உள்தாழ்ப்பாளும் இருக்கிற இடமாகப் பார், நான் லீவு போட்டு வந்து கூட நிற்கிறேன். அதுவரை நோயாளி அறையிலிருந்து ஒருத்தர் சொன்னார் என்று எழுந்துவிடாதே.

அப்பா கையில் உன் போர்வையும் சோப்பும் கொடுத்திருக்கிறேன். அவர் வண்டியை நிறுத்த இடம் தேடி எரிந்து விழுவார், காதில் போட்டுக்கொள்ளாதே. உடம்பைப் பார்த்துக்கொள், நேரத்துக்குச் சாப்பிடு. ஒரு குறையும் இல்லாமல் நீ நன்றாக இருக்க வேண்டும், படிப்பு நல்லபடியாக முடிய வேண்டும். வெள்ளிக்கிழமையை மறந்துவிடாதே. அன்றைக்கு அந்த அலுவலகத்தில் போய் நின்று, உங்களுக்கு எது வசதியோ அப்படிச் செய்யுங்கள் என்று மட்டும் சொல்லிவிடாதே. எனக்கு இதுதான் வேண்டும் என்று சொல். எதுவாக இருந்தாலும் சரி, நீ அப்படிச் சொன்னாய் என்று கேட்டாலே எனக்குப் போதும்.

இப்படிக்கு,
கோபம் இன்னும் ஆறாத உன் அம்மா