வலது காதுக்கு ஒரு படையல்

1978 அக்டோபர் 4

சளி விட்டும் வலது காது விடவில்லை. குனிந்தால் விண் விண்ணென்று தெறிக்கிறது. டெலிபோன் ஆபீஸ் போர்டில் உட்கார்ந்திருந்தபோது, லைன் கேட்ட ஒருவரிடம் நம்பரைத் திரும்பத் திரும்பக் கேட்டேன். "காது செவிடாம்மா?" என்றுவிட்டார். வாய் வரைக்கும் வந்த பதிலை முழுங்கினேன். தீபாவளி கழித்து மெடிக்கல். அதில் காது நன்றாகக் கேட்டால்தான் வேலை நிரந்தரம். இது போச்சுன்னா சமயநல்லூர்லயே களையெடுக்க வேண்டியதுதான்.

அக்டோபர் 5

அம்மா பூண்டு தட்டிப் போட்டு நல்லெண்ணெய் காய்ச்சி ஊற்றினாள். வலி உயிர் போகுது.

அக்டோபர் 6

விடியும்போது காதுக்குள் 'பொட்'டென்று ஒரு சத்தம். தலையணையெல்லாம் சீழ். வலி போயே போச்சு! "பாத்தியா என் எண்ணெயை?" அம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை. ஆனால் வலது பக்கம் எல்லாரும் பஞ்சு மூட்டைக்குள் இருந்து பேசுகிறார்கள்.

அக்டோபர் 7

மதுரையில் காது டாக்டர் சுப்பராமனைப் பார்த்தேன். "வலி நின்னது எண்ணெயால இல்லம்மா. செவிப்பறை கிழிஞ்சிருக்கு." அங்கேயே அழுதுட்டேன். வேலை போச்சு, எல்லாம் போச்சு!

அவர் பொறுமையாகச் சொன்னார். மூக்குக்குப் பின்னாலிருந்து நடுக்காதுக்கு ஒரு குழாய் போகிறதாம். சளியில் அது வீங்கி அடைத்துக்கொள்ள, உள்ளே கிருமி பெருகிவிட்டது. உடனே அங்கிருக்கும் ரத்தக்குழாய்கள் விரிந்து, சுவரை இளக்கி, வெள்ளை அணுக்களை வெளியே விடுமாம். சிவப்பு, சூடு, வீக்கம், வலி எல்லாம் அதனால்தான். சீழ் சேர்ந்து இடமில்லாமல் முட்டி, சவ்வைக் கிழித்துக்கொண்டு வந்திருக்கிறது.

அப்புறமும் நான் மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தேன். அவரே என் சீழைக் கண்ணாடியில் தேய்த்து, சாயம் போட்டு, மைக்ராஸ்கோப்பில் பார்க்கச் சொன்னார்.

யாத்தே! அம்புட்டும் வெள்ளை அணுக்கள். ஒவ்வொன்றுக்குள்ளும் துண்டு துண்டாக ஊதா. சிலவற்றின் வயிற்றில் புள்ளி புள்ளியாகக் கிருமி. "அதை முழுங்கிட்டு இதுவும் செத்துடும்" என்றார். நான் மூஞ்சியைச் சுளித்துத் துடைத்தது இதையா? யார் கூப்பிட்டு வந்தார்கள் இத்தனை பேர்? எந்த போர்டில் உட்கார்ந்து யார் லைன் போட்டது?

மாத்திரை தந்தார். சவ்வு பெரும்பாலும் தானே மூடிக்கொள்ளுமாம் — தானே! தண்ணீரோ எண்ணெயோ சொட்டுக்கூடப் படக்கூடாது.

"தீபாவளிக்கு?"

"தீபாவளிக்கும்தான்."

அக்டோபர் 20

அம்மாவோடு சண்டை. "தீபாவளிக்கு எண்ணெ தேச்சுத் தலை முழுகாட்டி வீடு வெளங்குமாடி?" "கிழிஞ்ச காதோட நான் வெளங்குவேனா?" கத்தித் தீர்த்த பிறகு, மைக்ராஸ்கோப்பில் பார்த்ததைச் சொன்னேன். அம்மா என் தலையைத் திருப்பிக் காதைப் பார்த்தாள். "அம்புட்டும் ஒனக்காகவா செத்துச்சு?" என்று மட்டும் கேட்டாள்.

தீபாவளி

அம்மா உச்சந்தலையில் ஒரு சொட்டு எண்ணெய் தொட்டு வைத்துவிட்டு, கழுத்துக்குக் கீழே வெந்நீர் ஊற்றினாள். படையலில் செத்துப்போன அப்பாவுக்கு வேட்டியும் பணியாரமும். பக்கத்தில் ஒரு துண்டு இலையில் தனியாக ஓர் அதிரசம்.

"இது யாருக்கும்மா?"

"ஒங் காதுக்குள்ள செத்தவுகளுக்கு."

சிரிக்க வாயெடுத்தேன். முடியல. விழுந்து கும்பிட்டேன்.

டிசம்பர் 6

மெடிக்கல். வேறொரு டாக்டர் எனக்குப் பின்னால் நின்று கிசுகிசுத்த நம்பரையெல்லாம் திருப்பிச் சொன்னேன். மறைக்கப் பயமாக இருந்தது. செவிப்பறை கிழிந்ததையும் சொல்லிவிட்டேன். அவர் விளக்கைப் பிடித்து இரண்டு காதையும் மாறி மாறிப் பார்த்தார். அப்புறம் என்னிடமே கேட்டார்:

"எந்தக் காதும்மா?"